மார்னி ‘சாரி’ சொல்லாத நாள்

லார்ச் ஹில்
நவம்பர் 6

அன்புள்ள மார்னிக்கு,

உன் அப்பா ஒரெஸ்ட் எழுதுவது. கையெழுத்தைப் பார்த்து வேறு யாரோ என்று நினைத்துவிடாதே. பத்தாம் வகுப்போடு பேனாவைக் கீழே வைத்தவன் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் கோடையில் சரளைக்கல் லாரியின் ரசீதிலும், குளிர்காலத்தில் சறுக்குச் சரிவைச் சமன்படுத்தும் பனிவண்டியின் டீசல் புத்தகத்திலும்தான். நடுவில் எங்காவது லிட்டர் கணக்கு வந்தால் அதைத் தாண்டிப் படி.

நீ போனில் சொன்னதை அம்மா உன் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். “அப்பா பேசினா ஜோக்கடிச்சே தப்பிச்சிடுவார்மா. அவர்கிட்ட நான் பேசல. சொல்லவேண்டியதை எழுதி அனுப்பச் சொல்லு. ஜோக் இல்லாம ஒரே ஒரு கடிதம் வரட்டும், அப்புறம் போன்ல பேசறேன்.” சொல்லி முடித்ததும் தாளை என் முன்னால் வைத்துவிட்டு டிவியை அணைத்தாள். ஹாக்கி ஓடிக்கொண்டிருந்தது, கடைசிப் பகுதி, இரண்டு பக்கமும் சமமான கோல். இந்தக் கடிதத்தின் விலை உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, போன மாதத் தாங்ஸ்கிவிங் விருந்தில் நடந்த விஷயத்துக்கு வருகிறேன்.

“நான் ஸ்லாலத்தை விட்டுட்டேன், இந்த வருஷத்துலேர்ந்து ஸ்கீ கிராஸ்” என்று நீ சொன்னாய். உன் கஸ் சித்தப்பா “அது என்னம்மா கிராஸ்?” என்று கேட்டான். “நாலு பேர் ஒரே நேரத்துல இறங்கணும் சித்தப்பா. வழியில மேடு, பள்ளம், திருப்பம். முதல்ல வர்ற ரெண்டு பேர் அடுத்த சுற்றுக்குப் போவாங்க” என்று நீ பொறுமையாக விளக்கினாய். நான் வான்கோழி வெட்டிக்கொண்டிருந்தேன். “அதுக்கு ஸ்கீ எதுக்கு, முழங்கை போதுமே. ஸ்லாலத்துல கழிச்சு விட்டவங்களுக்கெல்லாம் அங்க இடம் இருக்கும்போல” என்றேன். கஸ் சிரித்த சிரிப்பில் அவன் சட்டையெல்லாம் கிரான்பெர்ரி சாஸ். நீ முள்கரண்டியைச் சத்தம் வராமல் வைத்துவிட்டு எழுந்து போனாய். தட்டில் உன் பெரோகிக் கொழுக்கட்டைகள் ஆறிப்போய்க் கிடந்தன. அவற்றையும் நான்தான் தின்றேன்.

எனக்கு வாய் முதலில் புறப்பட்டுவிடும், மூளை அடுத்த லிப்ட்டில் வரும். உனக்குத் தெரியாததா?

ஆனால் என் பக்கமும் கொஞ்சம் கேள். உனக்கு ஆறு வயதிலிருந்து உன் பனிச்சறுக்கு ஸ்கீயின் விளிம்பைத் தீட்டி மெழுகு போட்டவன் நான். நம் வீட்டுக் கீழ்த்தளத்தில் துவைத்த காலுறையில்கூட மெழுகு வாசனை வரும். இத்தனை வருடமும் நான் பார்த்தது நீ தனியாக இறங்குவதை. ஸ்லாலம் என்றால் பனியில் நட்ட கம்புகள், நீ, கடிகாரம். வேறு ஒருவரும் உன்னைத் தொட முடியாது. விழுந்தாலும் நீயாக விழுந்தாய். இப்போது கூடவே மூன்று பேர் வருகிறார்கள் என்கிறாய். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மாகாண ஸ்லாலம் அணியில் உனக்கு இன்னும் இடம் கிடைக்கும் என்று கேள்விப்பட்டேன். யோசித்துப் பார்.

அப்பா


ஆஸ்திரியா
நவம்பர் 21

அப்பா,

ஜோக் இல்லாத கடிதம் கேட்டேன். முதல் பத்தியிலேயே டீசல் வந்துவிட்டது. இது கணக்கில் சேராது.

ஆனால் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியைத் திரும்பப் படித்தேன். அதற்காகத்தான் இந்தப் பதில்.

ஸ்லாலத்துக்குத் திரும்ப மாட்டேன். எனக்கு இருபத்துநான்கு ஆகிறது. அங்கே உலகத்தில் நாற்பதாவது ஆளாகவே எனக்கு வயதாகிக்கொண்டிருந்தது. தேசிய அணியிலிருந்து என்னை நீக்கியது வலித்தது, ஒளிக்கவில்லை. ஆனால் அவர்கள் நீக்கியதால் மட்டும் நான் இங்கே வரவில்லை. போன வசந்தத்தில் ஒரு நாள் நாலு பேரோடு சும்மா இறங்கிப் பார்த்தேன். கீழே வந்தபோது கன்னம் வலித்தது. விழுந்ததால் இல்லை, சிரித்ததால். அதை அன்று மேஜையில் சொல்லத்தான் வந்தேன். அதற்குள் முழங்கை வந்துவிட்டது.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். போட்டியில் முதலில் ஒவ்வொருவராகத் தனியாக இறங்கி நேரம் குறிப்பார்கள். அதில் நான்தான் எல்லாரையும் விட வேகம், பழைய ஸ்லாலம் கால் அல்லவா. அதற்குப் பிறகு நாலு நாலு பேராக இறங்க வேண்டும். அதில் நான் நாலாவது, ஒவ்வொரு தடவையும்.

எங்கள் கோச் தியெரி, கியூபெக்காரர், நேற்று மூக்கைச் சொறிந்துகொண்டே சொன்னார்: “மார்னி, தனியா விட்டா நீ ராணி. பக்கத்துல ஆள் வந்தா கல்யாண வீட்டு வரவேற்பாளர். கதவைத் திறந்து, ‘வாங்க, உள்ள போங்க’ன்னு அனுப்பி வைக்கறே.”

அவர் சொல்வது உண்மை. பயிற்சியில் பின்னால் யாராவது நெருங்கினால் ஒதுங்கி வழிவிடு என்று குழந்தையிலிருந்தே சொல்லிக் கொடுத்தார்கள். கால் தானாக ஒதுங்குகிறது. அதைவிடக் கேவலம், முதல் நாள் முதல் திருப்பத்தில் ஒரு சுவிஸ் பெண்ணின் முழங்கை என் விலாவில் இடித்தது. நான் “சாரி” என்றேன். இடித்தது அவள், சாரி சொன்னது நான். அவள் சிரித்த சிரிப்பில் விழப் பார்த்தாள். இப்போது முகாமில் எனக்குப் பெயரே ‘சாரி’தான். காலைச் சாப்பாட்டு மேஜையில் பெயர் அட்டைகூட எழுதி வைத்துவிட்டார்கள்.

தியெரி இன்னொன்றும் சொன்னார், இதில் சிரிப்பு இல்லை. மார்ச்சில் ஸ்வீடனில் கடைசிப் போட்டி. அது முடிவதற்குள் ஒரு தடவையாவது முதல் மூன்றில் வந்து மேடை ஏற வேண்டும். இல்லையென்றால் அணியில் எனக்கு இடம் இல்லை. அதோடு ஸ்கீ வாழ்க்கையே முடிந்தது. வசந்தத்தில் லாரி ஓட்ட உங்களிடம்தான் வேலை கேட்டு நிற்பேன். (இது ஜோக்தான். எனக்கு அனுமதி உண்டு, உங்களுக்குத்தான் இல்லை.)

சித்தப்பாவிடம் சொல்லுங்கள், இந்த விளையாட்டில் உடம்போடு ஒட்டின உடைக்குத் தடை. தொளதொள பேன்ட்தான். இனி என் போட்டோவை அவர் கூச்சமில்லாமல் ஹாலில் மாட்டலாம்.

மார்னி


லார்ச் ஹில்
டிசம்பர் 9

அன்புள்ள மார்னிக்கு,

கையெழுத்து அழகாக இருக்கிறதே என்று வியக்காதே. அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அவருடைய வலது தோள் எலும்பு உடைந்திருக்கிறது. அவர் சொல்வதை அப்படியே எழுதுவேன். பொய் வந்தால் அடைப்புக்குறிக்குள் திருத்துவேன். — அம்மா

மார்னி, பயப்படாதே, சின்னக் காயம். (கட்டுப் போட்டபோது ஆஸ்பத்திரியே அதிர்ந்தது.) விஷயம் என்னவென்றால், லிப்ட் கொட்டகைக்குப் பின்னால் யாரும் போகாத சரிவு ஒன்று சும்மா கிடக்கிறதல்லவா, நம் மலை மேனேஜரிடம் முறையாகக் கேட்டு (கேட்கவில்லை, முடித்தபிறகு சொன்னார்) என் பனிவண்டியால் அங்கே ஸ்கீ கிராஸுக்கு ஒரு தொடக்கப் பாதை கட்டினேன். வரிசையாக மூன்று மேடு. மேலே எல்லாரும் நின்று கிளம்புகிற கதவுக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது நம் பழைய சரளைக்கல் லாரியின் பின்கதவு நினைவு வந்தது. அதைக் கழற்றிக் கொண்டுபோய் நட்டு, கீல் வைத்து, கயிறு கட்டிவிட்டேன். கயிற்றை இழுத்தால் டமால் என்று முன்பக்கம் விழும். இரண்டு பேர் தாராளமாக நிற்கலாம். உன் அம்மா மாதிரி ஒல்லியாக இருந்தால் மூன்று பேர். (இந்த ஐஸ் எனக்கு வேண்டாம்.)

கட்டினவன் சோதிக்க வேண்டாமா? என் கல்யாணத்துக்கு முந்தைய ஸ்கீயை மாட்டிக்கொண்டு இறங்கினேன். முதல் மேட்டில் அழகாக ஏறி இறங்கினேன். இரண்டாவது மேட்டில் ஏறினேன். மூன்றாவது மேட்டை நான் சந்திக்கவே இல்லை, அதன் மேலாகப் போய்விட்டேன். நல்லவேளையாக மீட்புப் படையினரின் குடிலுக்கு எதிரிலேயே விழுந்ததால் யாருக்கும் அலைச்சல் இல்லை.

படுத்திருந்தபோது ஒன்று தோன்றியது: இதைத்தான் என் பெண் தினமும் பக்கத்தில் மூன்று பேரை வைத்துக்கொண்டு செய்கிறாளா? (இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. குறித்துக்கொள்.)

அப்பா

என் பங்குக்கு ஒரு வரி. இடி வாங்கினதுக்கு சாரி சொன்னியாமே. அது என்கிட்டேர்ந்து வந்த வியாதி. நான் ஃபிரிட்ஜ் கதவில் மோதினால்கூட ஃபிரிட்ஜுக்கு சாரி சொல்கிறவள். ஆனால் நான் ஹாக்கி ஆடின காலத்தில் ஊரில் யாரிடமாவது கேட்டுப்பார். கிறிஸ்துமஸுக்கு வா. பக்கத்துல நான் நிக்கறேன்.


நம் ஃபிரிட்ஜ் கதவு
டிசம்பர் 24

மார்னி,

நீ மாடி அறையில் இருக்கிறாய், நான் சமையலறையில் இருக்கிறேன். இன்னும் இடது கையால் எழுதித்தான் தொலைக்க வேண்டுமா?

அப்பா


அதே கதவு, அதே நாள்

ஆமாம். உப்பு, துண்டு, லாரிச் சாவி பற்றியெல்லாம் வாயால் பேசலாம். ஸ்கீ பற்றி எழுத்தில் மட்டும். விதி விதிதான்.

இரண்டாவது மேட்டின் உச்சி கூர்மையாக இருக்கிறது. அதுதான் உங்களைத் தூக்கி எறிந்தது. மழுக்கினால் சரியாகிவிடும். லாரிக் கதவு பிரமாதம். ஐரோப்பாவில்கூட இப்படி டமால் சத்தம் இல்லை.

மார்னி


ஃபிரிட்ஜ், டிசம்பர் 27

மார்னி,

மேட்டை மழுக்கிவிட்டேன். இடது கையால் பனிவண்டி ஓட்டியதில் கொட்டகையின் மூலையும் கொஞ்சம் மழுங்கிவிட்டது. மேனேஜரிடம் நீ ஒன்றும் சொல்லாதே.

இன்று ஓரமாக நின்று பார்த்தேன். கதவு விழுந்தது. அம்மா உன்னை இடித்தாள். நீ சாரி சொன்னாய். அம்மாவும் சாரி சொன்னாள். மாறி மாறிச் சொல்லிக்கொண்டே இரண்டு பேரும் கீழே போய்ச் சேர்ந்தீர்கள். இப்படி மரியாதையான பந்தயத்தை நான் பார்த்ததே இல்லை. கீழே போனதும் ஒருவரையொருவர் டீக்கு அழைப்பீர்கள் என்று நினைத்தேன்.

அப்பா


ஃபிரிட்ஜ், ஜனவரி 2

அப்பா,

நாளை காலை கிளம்புகிறேன். நீங்கள் டாக்டரிடம் போயிருந்தபோது நடந்ததை எழுதிவைக்கிறேன்.

அம்மா பரணிலிருந்து தன்னுடைய பழைய ஹாக்கி ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தாள். மாட்டினதும் முகமே வேறு. கதவு விழுந்தது. நான் வழக்கம்போல உள்பக்கம் திரும்பப் போனேன். அங்கே அம்மா இருந்தாள். அசையவில்லை. நான்தான் போய் மோதி ஓரத்துப் பாதுகாப்பு வலைக்குள் உருண்டேன். எழுந்து, “என்னம்மா இப்படித் தள்றே, இந்த ஆட்டத்துல தள்ளக் கூடாது தெரியுமா, அட்டை காட்டி வெளியே அனுப்பிடுவாங்க” என்றேன்.

“நான் எங்கடி தள்ளினேன்? நான் யாரையும் தள்ளினதில்ல. எனக்குன்னு ஒரு இடம், அதுல நின்னேன். மோதினது நீ. அதுக்கு நான் ஏன் சாரி சொல்லணும்?” என்று கேட்டுவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினாள். கழற்றினதும் ஓடிவந்து “அய்யோ, அடிபட்டுச்சா, சாரி, சாரி” என்று என் மேலிருந்த பனியைத் தட்டிவிட்டாள்.

அப்புறம் இருட்டும்வரை இறங்கினோம். கடைசி மூன்று தடவை அம்மாவால் என்னைத் தாண்ட முடியவில்லை.

ஃபிரிட்ஜில் பெரோகி மிச்சம் இருக்கிறது. அது என்னுடையது. தின்றுவிடாதீர்கள்.

மார்னி


பிரான்ஸ்
ஜனவரி 22

அப்பா,

ஐந்தாவது இடம். மேடை இல்லை, ஆனாலும் ஐந்தாவது. இதுவரை என்னுடைய மிக நல்ல முடிவு.

தனி ஓட்டத்தில் முதலாவதாக வந்ததால் சிவப்பு மேலாடை கொடுத்தார்கள். சிவப்புக்காரிதான் எந்தக் கதவு வேண்டும் என்று முதலில் தேர்ந்தெடுப்பாள். முதல் சுற்றில் கதவு விழுந்ததும் உங்கள் லாரிச் சத்தம் காதில் கேட்டது. நிஜமாகவே முன்னால் வந்துவிட்டேன். அதே சுவிஸ் பெண் விலாவுக்கு வந்தாள், அதே முழங்கை. நான் என் இடத்தில் இருந்தேன். அவள்தான் அகலமாகப் போய்விட்டாள். அந்தச் சுற்றில் நான் முதல், தோற்றது பின்னால் ஒரு சுற்றில்தான்.

மதியச் சாப்பாட்டில் என் பெயர் அட்டையை அவளே கிழித்துப் போட்டாள். “இனிமே நீ சாரி இல்ல. நான்தான் சாரி” என்றாள்.

ஊரில் எல்லாரிடமும் சொல்லுங்கள். குறிப்பாகக் கொட்டகையின் மூலையிடம்.

மார்னி


ஜெர்மனி
பிப்ரவரி 19

அப்பா,

இதற்குள் அம்மா சொல்லியிருப்பாள். இருந்தாலும் நானே எழுதவேண்டும் என்று தோன்றியது.

இறுதிச் சுற்று வரை வந்தேன். முதல் தடவையாக. நாலு பேர், அதில் மூன்று பேருக்கு மேடை. ஒருவரை மட்டும் பின்னால் வைத்திருந்தால் போதும். கடைசித் திருப்பம் வரை மூன்றாவதாக இருந்தேன். ஸ்வீடனைச் சேர்ந்த ஹெட்விக் என் பின்னால் வருகிற சத்தம் கேட்டது. பனியில் ஸ்கீ உரசுகிற சத்தம், அவ்வளவுதான். யாரும் என்னைத் தொடவில்லை. யாரும் இடிக்கவில்லை. கால் தானாக ஒதுங்கியது. அவள் உள்பக்கமாகப் போனாள். என் வாய் ‘சாரி’ என்றது.

நாலாவது.

மெழுகு போடுகிற அறையில் உட்கார்ந்து அழுதேன். ஹெட்விக் வந்து எட்டிப்பார்த்து, ஒரு சாக்லேட்டை வைத்துவிட்டுப் போனாள். அவள் நல்லவளாக இருப்பதுதான் இன்னும் கடுப்பாக இருக்கிறது.

இனி ஸ்வீடன் மட்டும்தான் பாக்கி. நீங்கள் விருந்தில் சொன்னது சரிதானோ என்று நினைக்கிறேன். கழித்துவிட்டவர்களுக்கான இடத்திலிருந்தும் என்னைக் கழித்துவிடுவார்கள் போலிருக்கிறது.

மார்னி


லார்ச் ஹில்
பிப்ரவரி 26

அன்புள்ள மார்னிக்கு,

இந்தக் கடிதத்தை ஜோக் இல்லாமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன். தோள் கூடிவிட்டது. கையெழுத்து என்னுடையதுதான்.

உன் பந்தயத்தை நானும் அம்மாவும் திரும்பத் திரும்பப் பார்த்தோம். எனக்கு இந்த ஆட்டத்தில் ஒன்றும் தெரியாது. அதனால் உனக்குச் சொல்ல என்னிடம் ஒரு யோசனையும் இல்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம், “வெரா, வா, என்னோட ஒரு தடவை இறங்கு” என்றேன். “தோள் இப்பத்தான் கூடியிருக்கு, அடுத்ததையும் உடைச்சுக்கணுமா?” என்றாள். “பக்கத்துல ஆள் வந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியணும்” என்றேன். என்ன நினைத்தாளோ, ஹெல்மெட்டை எடுத்தாள்.

லாரிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றோம். கஸ் கயிற்றை இழுத்தான். மார்னி, நான் இந்த மலையில் முப்பது வருடமாகச் சறுக்குகிறேன். அம்மாவோடு சேர்ந்தும் எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறேன். ஆனால் எப்போதும் அவள் முன்னால், நான் பின்னால், அல்லது நான் கீழே காத்திருப்பேன். தோளோடு தோள் உரச, மூச்சுச் சத்தம் கேட்க, இரண்டு பேரும் ஒரே மேட்டுக்குப் போட்டிபோட்டு இறங்கியதில்லை. பயமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. மேலேயிருந்து கீழே வரை சிரித்துக்கொண்டே வந்தேன். கன்னம் வலித்தது. நீ அன்று எழுதியிருந்தது அப்போதுதான் புரிந்தது.

இத்தனை வருடமும் நீ தனியாக இறங்குவதைப் பார்த்துக் கைதட்டினேன். தனியாக இருந்தால்தான் உனக்குப் பாதுகாப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஆள் இருந்தால் இவ்வளவு குஷியாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நீ சொல்லத்தான் வந்தாய்.

ஆகவே நான் சொன்னது சரிதானோ என்றெல்லாம் எழுதாதே. அதைச் சொன்னது வான்கோழி வெட்டிக்கொண்டிருந்த ஒரு முட்டாள். அவனை அன்றைக்கே வேலையை விட்டு நீக்கிவிட்டேன். வேறு ஆள் கிடைக்காததால் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

பார், கடைசி வரியில் வந்து தொலைந்துவிட்டது. இதுவும் கணக்கில் சேராது. தபாலில் போட்டுவிடுகிறேன்.

அப்பா

பந்தயத்தில் அம்மாவே ஜெயித்தாள். கீழே வந்ததும் சாரி சொன்னாள்.


ஸ்வீடன்
மார்ச் 9

அப்பா,

கடைசி வரி வரைக்கும் நன்றாகத்தான் வந்தது. கணக்கில் சேராது. ஆனால் அதை மடித்துக் கையுறைக்குள் வைத்திருக்கிறேன்.

நாளை இறுதிச் சுற்று வரை போனால் ஹெட்விக்கும் இருப்பாள். இது அவளுடைய ஊர். தியெரி ஒரே ஒரு விஷயம் சொன்னார்: “முன்னாடி போறவ காத்தை உடைச்சிக்கிட்டுப் போவா. நீ அவ முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கோ. காத்து உன்னைத் தொடாது. வேகம் சேரும். அப்புறம் வெளியே வா. வந்தப்புறம் கதவைத் திறந்து விடாதே.”

இன்றைக்கு மதியம் நடைப்பயிற்சியில் ஹெட்விக் வந்து, “நாளைக்கும் வழி விடுவியா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். “சாரி, முடியாது” என்றேன். அந்த சாரியைக் கடைசியாகச் செலவழித்துவிட்டேன். இனி கையில் ஒன்றும் இல்லை.

மார்னி


லார்ச் ஹில்
மார்ச் 10

அன்புள்ள மார்னிக்கு,

கொஞ்சம் முன்னால்தான் வீட்டுக்கு வந்தேன். குரல் போய்விட்டது, எழுதத்தான் முடியும். எப்படியும் எனக்கு அதற்கு மட்டும்தானே அனுமதி.

விடிவதற்கு முன்பே மலை ஓய்வறையில் ஊரே கூடிவிட்டது. பெரிய திரையை இறக்கி ஸ்வீடனை ஓடவிட்டார்கள். அங்கே மதியம், இங்கே பாதிப் பேர் இரவு உடையின் மேல் கோட்டு. அம்மா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். கஸ் ஏதோ கேலி செய்ய வாய் திறந்தான். அம்மா ஹெல்மெட்டோடு திரும்பிப் பார்த்தாள். மூடிக்கொண்டான்.

நீ சுற்றுக்குச் சுற்று ஜெயித்துக்கொண்டே வந்ததை நான் எழுதப்போவதில்லை. இறுதிச் சுற்றை மட்டும் எழுதுகிறேன். நீ உள்ளே இருந்தாய், வெளியே எப்படித் தெரிந்தது என்று உனக்குத் தெரியாது.

உனக்குத்தான் சிவப்பு. ஓரத்துக் கதவை எடுப்பாய் என்று எல்லாரும் நினைத்தார்கள், அங்கே ஒரு பக்கமாவது ஆள் இருக்காது. நீ நடுவில் ஒரு கதவைக் கேட்டாய். “என்ன இவ, ரெண்டு பக்கமும் ஆளை வெச்சிக்கறா” என்று பின்னால் யாரோ சொன்னார்கள். நான் திரும்பி, “அவளுக்கு ஆள் இருந்தாத்தான் பிடிக்கும்” என்றேன். இதைச் சொன்னது நான்தான். அம்மா சாட்சி.

கதவு விழுந்தது. ஒரு பிரெஞ்சுப் பெண் முதலில், நீ இரண்டாவது, ஹெட்விக் உன் வாலில், நாலாவது பெண் கொஞ்சம் தள்ளி. மேடுகளில் நீ பிரெஞ்சுக்காரியின் முதுகில் ஒட்டின ஸ்டாம்ப் மாதிரி போனாய். எனக்குப் புரியவில்லை. “தாண்டும்மா, தாண்டு” என்று கத்தினேன். “சும்மா இருங்க, காத்துக்கு ஒளியறா” என்றாள் அம்மா. நீண்ட நேர் சரிவில் உன் ஸ்கீ அவளுடையதை நெருங்கியது, நெருங்கியது, நீ வெளிப்பக்கமாக வந்தாய், பெரிய மேட்டில் இரண்டு பேரும் ஒன்றாக ஆகாயத்தில் இருந்தீர்கள். இறங்கும்போது நீ முன்னால் இருந்தாய். ஓய்வறையில் நாற்காலி விழுகிற சத்தம்.

பிறகு கடைசித் திருப்பம்.

ஜெர்மனியில் பார்த்த அதே படம். ஹெட்விக் பிரெஞ்சுக்காரியைத் தாண்டிக்கொண்டு உள்பக்கமாக வந்தாள், குனிந்து, கத்தி மாதிரி. ஓய்வறையில் காபி இயந்திரம் சொட்டுவது மட்டும் கேட்டது. உன் தோளும் அவள் தோளும் உரசின. நான் உன் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒதுங்கவில்லை. நீ அவளைத் தள்ளவும் இல்லை. உன் இடத்தில் இருந்தாய், அவ்வளவுதான். அவள்தான் காலைத் தூக்கி வேகத்தைக் குறைத்துக்கொண்டாள். கேமரா உன் முகத்தைக் காட்டியது. வாய் இறுக மூடியிருந்தது. உதடு வெளுக்கும் அளவுக்கு மூடியிருந்தது.

அப்படியே கோட்டைத் தாண்டினாய். முதலாவதாக.

நான் குதித்ததில் ஒருவர் காலை நன்றாக மிதித்துவிட்டேன். கனமான பூட்ஸ். அவர் முகம் கோணியது. அப்புறம் என்னைப் பார்த்து, “சாரி” என்றார். நம் ஊர்தான் மார்னி, நம்மை வேறு எங்கே போய்த் தேடுவது.

அதற்குள் திரையில் நீ ஸ்கீயைக் கழற்றிவிட்டு ஹெட்விக்கிடம் ஓடினாய். அவளைக் கட்டிக்கொண்டு ஏதோ சொன்னாய். சத்தம் கேட்கவில்லை. ஆனால் உன் உதட்டை ஊரே படித்தது. ஓய்வறை முழுக்க ஒரே குரலில் “சாரி” என்று கத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தது. அம்மா எழுந்து நின்று, “கோட்டைத் தாண்டினப்புறம் சொன்னா ஒண்ணும் தப்பில்ல” என்று தீர்ப்புச் சொன்னாள். அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினாள். உள்ளே முகமெல்லாம் ஈரம்.

பிறகு நீ மேடையில் நடுப்படியில் ஏறினாய். மேடை ஏறினால் போதும் என்றுதானே இந்தக் குளிர்காலம் முழுக்கக் கேட்டோம். எந்தப் படி என்று யாரும் கேட்கவில்லை. தியெரி கேமராவுக்குப் பின்னாலிருந்து வந்து உன் தோளில் அணியின் கோட்டைப் போட்டதைப் பார்த்தேன். அடுத்த வருடத்துக் கோட்டு என்று டிவியில் சொன்னார்கள். கஸ் அழுதான், சட்டையில் இந்தத் தடவை காபி. உன் போட்டோவை ஹாலில் மாட்டுவதற்கு ஆணி வாங்க இப்போதே போய்விட்டான்.

நீ அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். “அப்பா இருக்காரா?” என்று நீ கேட்டது எனக்குக் கேட்டது. அம்மா போனை நீட்டினாள். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். “அவர் இன்னும் கடிதத்தை முடிக்கலையாம், விதி விதிதானாம்” என்று அம்மா சொன்னாள். நீ சிரித்தது ஓய்வறை முழுக்கக் கேட்டது. வீம்புக்காகச் செய்யவில்லை, மார்னி. நீ கேட்டது ஒரே ஒரு பொருள், ஜோக் இல்லாத கடிதம். இத்தனை பெரிய வேலையை நீ செய்துவிட்டாய், நான் அதைக்கூடக் கொடுக்காமல் வந்து பேசிவிட்டால் நன்றாக இருக்காது.

அதனால் வீட்டுக்கு வந்து சமையலறை மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். மேலே எழுதியதில் சில இடங்களில் சிரிப்பு வந்துவிட்டது. அதை விட்டுவிடு. கடிதம் இங்கேதான் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்.

மார்னி, அன்றைக்கு நீ எங்களிடம் ஒரு சந்தோஷத்தைச் சொல்ல வந்தாய். நான் கேட்கவில்லை. நீ போன பாதை நான் காட்டியது இல்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை. இன்று நீ அந்தத் திருப்பத்தில் நின்ற இடம் முழுக்க உன்னுடையது. அங்கே நான் கொண்டுவந்து நிறுத்தவில்லை. நீயே போய் நின்றாய். அதைப் பார்க்க

ஒரு நிமிஷம். வீட்டுப் போன் அடிக்கிறது. அம்மா எடுத்துவிட்டாள்.

உன் குரல்தான். கடிதம் வருகிறவரை உன்னால் பொறுக்க முடியவில்லையாம். அம்மா வயரை இழுத்துக்கொண்டு வந்து போனை என் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

இப்போது பார்த்து எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.